திருகோணமலை ஜெட்டியில் ஐந்து பேர் வரிசை

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் முன்னால் ஒரு தட்டுப் பிட்டு வந்து உட்கார்ந்தது. நான் மதுரைக்காரி. எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சாப்பிடுகிற சமாச்சாரம். இங்கே அதன் தலையில் மீன் குழம்பை ஊற்றி, பக்கத்தில் செக்கச்செவேலென்று தேங்காய்ச் சம்பலையும் வைத்தார்கள். முதல் வாயில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது தட்டை நானேதான் கேட்டு வாங்கினேன், வெட்கமே இல்லாமல். மூன்றாவதையும் வாங்கியிருப்பேன், ஆனால் படகுத்துறை ஜெட்டிக்குப் போக ஓட்டோ வந்துவிட்டது.

திருகோணமலைக்கு நான் ஊர் பார்க்க வரவில்லை. சென்னையில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கு ஒன்று இங்கே பொய்த்துவிட்டது. ஏன் பொய்த்தது என்று பார்த்துச் சரி செய்துவிட்டு வா என்று என் மேலாளர் என்னைத் துரத்திவிட்டார். ஐந்து நாள் அவகாசம்.

என்ன கணக்கு என்று சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் ஒரு மென்பொருளை யாரும் முழுசாக ஒரே இடத்தில் எழுதுவதில்லை. ஒரு பாகத்தை ஒரு கம்பெனியில் வாங்குகிறார்கள், இன்னொன்றை வேறொரு கம்பெனியில் வாங்குகிறார்கள், சேர்த்துப் பூட்டிவிடுகிறார்கள். தனித்தனியாக நன்றாக ஓடுகிற பாகங்கள் சேர்ந்தால் எவ்வளவு வேகத்தில் ஓடும், எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று பூட்டுவதற்கு முன்பே கணித்துச் சொல்வது என் வேலை. அந்தக் கணிப்பை நாங்கள் 'மாதிரி' என்போம். ஆபீசில் என் மாதிரிகள் தப்பியதில்லை என்று ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை வளர்த்துவிட்டதில் என் பங்கும் கணிசமானது.

அப்போது இலங்கையில் உள்நாட்டுச் சண்டை முடிந்திருக்கவில்லை, நிறுத்தி வைத்திருந்தார்கள். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர், கட்டைபறிச்சான், ஈச்சிலம்பற்று என்று ஊர்கள். அங்கிருந்து சனங்கள் காலையில் லோஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஏறி இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்கும் கந்தோர் என்கிற ஆபீசுக்கும் கடைக்கும் வருவார்கள், பிற்பகலில் திரும்புவார்கள். கடைசி லோஞ்ச் நான்கு மணிக்கு. திரும்பிப் போகிறவர்கள் ஜெட்டிக் கவுண்டரில் அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் பதிந்து, துண்டு என்கிற பயணச் சீட்டு ஒன்றை வாங்க வேண்டும். அந்தப் பதிவைக் கையால் செய்துகொண்டிருந்தவர்கள் இப்போது கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார்கள். கவுண்டரில் பதிகிற பாகம் ஒன்று, அட்டையைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கிற பாகம் ஒன்று, இடம் ஒதுக்குகிற பாகம் ஒன்று, துண்டு அச்சடிக்கிற பாகம் ஒன்று. ஓர் ஆளுக்குப் பதினொரு விநாடி ஆகும், வரிசையில் எந்நேரமும் ஆறு பேருக்கு மேல் நிற்க மாட்டார்கள் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஜெட்டிக்குப் போய் நான் முதலில் செய்த காரியம் வரிசையை எண்ணியதுதான். ஐந்து பேர். எனக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, நான் ஆறுன்னு சொன்னேன், அஞ்சு பேர்தான் நிக்கிறாங்க" என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவர் பெயர் யோகராணி. முப்பது வயது இருக்கும். கட்டைபறிச்சானைச் சேர்ந்தவர். கவுண்டரில் வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான், மாற்றுக்கு ஆள் கிடையாது. அவர் என்னைச் சிரிக்காமல் பார்த்தார்.

"ஓம் அக்கா, அஞ்சு பேர்தான் நிக்கினம். நாலு மணிக்கு லோஞ்ச் போகேக்க ஐம்பது பேர் கரையில நிப்பினம். அதையும் நிண்டு பாருங்கோ."

நின்று பார்த்தேன். நான்கு மணிக்கு லோஞ்ச் கிளம்பியது. கரையில் சனம் நின்றது. பையும் குழந்தையும் மருந்துச் சீட்டுமாக, போகிற லோஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேருக்கும் தங்க இடம் எழுதிக் கொடுத்து, அட்டைகளைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் யோகராணி நாற்காலியை விட்டு எழுந்தார். அதற்குள் அவர் போக வேண்டிய லோஞ்சும் போயே போய்விட்டது. அதுதானே கடைசி லோஞ்ச்.

அன்று மாலைதான் தெரிந்தது, நான் தங்கியிருந்த வீட்டின் பக்கத்து அறையில் தங்கியிருப்பவரும் அவர்தான் என்று. கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து பன்னிரண்டு நாளாக அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. அக்கரையில் நான்கு வயதில் ஒரு மகள். கணவர் பார்த்துக்கொள்கிறார். இந்த வெள்ளிக்கிழமையும் லோஞ்சுக்குப் போக முடியவில்லை என்றால் சனிக்கிழமை வேலையை விட்டுவிடப் போவதாக, ஏதோ குடை வாங்கப் போவதைச் சொல்வது போலச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

செவ்வாய்க்கிழமை நான் தொலைபேசி இணைப்பைச் சந்தேகப்பட்டேன். பதிவேடு இருந்த கம்ப்யூட்டர் ஊருக்குள் வேறொரு கட்டடத்தில் இருந்தது. அட்டை ஒவ்வொன்றையும் அந்த இணைப்பின் வழியாகத்தான் கேட்டு ஒத்துப் பார்க்க வேண்டும். ஓட்டோ பிடித்து அங்கே கிளம்பினேன். பாதி வழியில் ஓட்டோ நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, என்னையும் இறங்கச் சொன்னார். மதுரை ஆட்டோக்காரராக இருந்தால் இந்நேரம் ரோட்டையும் அரசாங்கத்தையும் திட்டியிருப்பார். இவர் "கொஞ்சம் தள்ளுவமா" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. சோதனைச் சாவடி வரைக்கும் தள்ளினேன். அங்கே நின்ற சிப்பாய் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து இன்னொரு பக்கம் கைகொடுத்தார். வண்டி கிளம்பிவிட்டது, என் சேலை கரி.

இணைப்பில் ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது கடற்கரையில் இறங்கி, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இளநீர் குடித்தேன். பக்கத்தில் வைத்திருந்த என் காகிதக் கட்டைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு புள்ளிமான் நின்று என் மாதிரியின் நான்காம் பக்கத்தை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது. இந்த ஊரில் மான்கள் நம்ம ஊர் மாடு மாதிரி தெருவில் திரிகின்றன, காகிதத்தையும் விடுவதில்லை. "அது உப்புப் பட்ட காகிதமெண்டா இன்னும் விரும்பும்" என்றார் இளநீர்க்காரர். நான்காம் பக்கம் போனதில் எனக்குப் பெரிய துக்கமில்லை. அதில்தான் வரிசையில் ஆறு பேர் என்று எழுதியிருந்தேன்.

புதன்கிழமை காலை இடியப்பமும் சொதியும். சொதி என்றால் தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டு வைக்கிற இளங்குழம்பு. திருநெல்வேலிச் சொதியை நினைத்துக்கொண்டு கரண்டியை விட்டேன், அது வேறு, இது வேறு. இதைக் குடிக்கவே செய்யலாம், நான் குடித்தேன். யோகராணி அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. முதல் லோஞ்சில் வந்தவர்கள் வழியாகச் சேதி வந்திருந்தது. மகள் அம்மாவோடு கோபமாம். இனிமேல் கதைக்க மாட்டாளாம்.

அதைக் கேட்டுவிட்டு நான் கம்ப்யூட்டர் அறைக்குள் புகுந்தவள், பிற்பகல் வரை வெளியே வரவில்லை. அட்டையை ஒத்துப் பார்க்கிற பாகத்தை ஆயிரம் தடவை ஓடவைத்துப் பார்த்தேன். சமர்த்தாக ஓடியது. இயந்திரம் தானே எழுதி வைக்கிற நாள் குறிப்பை எடுத்துப் பார்த்தால் இன்னும் குழப்பம். கவுண்டரிலிருந்து வந்த கோரிக்கைகள் நான் எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லை. சில கோரிக்கைகள் பதினொரு விநாடியில் முடிகின்றன, சில நான்கு நிமிடம் எடுக்கின்றன, சில முடியாமலே திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கின்றன. வேலையும் குறைவு, அதற்கே இயந்திரம் மூச்சு வாங்குகிறது. எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

வேறு வழியில்லாமல் வெளியே வந்து, ஜெட்டிக்கு எதிரே மரத்தடித் தேநீர்க்கடையில் பால் இல்லாத பிளேன்டீ ஒன்று சொன்னேன். உட்கார இடமில்லை. ஒரே சனம். ஒருவர் மடியில் தலைவைத்து இன்னொருவர் படுத்திருக்கிறார், குழந்தைக்குச் சோறூட்டுகிறார்கள், நான்கு ஆண்கள் சீட்டு விளையாடுகிறார்கள். கையில் கட்டுப்போட்ட ஓர் அம்மா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். லோஞ்சுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். போகத்தான் இருக்கிறாராம். அப்படியானால் வரிசையில் நிற்கவில்லையா என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நடராசண்ணை நிக்கிறார் தானே. எங்கட அட்டையெல்லாம் அவரிட்டத்தான் இருக்கு."

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். வரிசையில் ஐந்தே பேர். மூன்றாவதாக நின்றவர் நடராசா, ஈச்சிலம்பற்றில் வயல் வைத்திருப்பவர், ஐம்பது வயதிருக்கும். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு அட்டை. எத்தனை என்று கேட்டேன். "இருபத்துமூண்டு, பிள்ளை. ரெண்டு பேர் இன்னும் ஆஸ்பத்திரியில, வந்தா இருபத்தஞ்சு" என்றார். அவருக்கு முன்னால் நின்றவரிடம் பதினெட்டு. கடைசி ஆளிடம் ஒன்பது. ஊருக்கு ஒருவர் நிற்கிறார், ஊரே அவர் கையில் இருக்கிறது. என் ஐந்து பேர் வரிசையின் மிச்சமெல்லாம் மரத்தடியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தது.

எனக்கு மூக்கு உடைந்ததுகூடப் பெரிதில்லை. நான் காலையிலிருந்து பார்த்த நாள் குறிப்பிலேயே, கோரிக்கைக்குப் பக்கத்தில், 'அட்டைகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. அதில் என்ன இருக்கப் போகிறது, ஒன்று என்றுதான் இருக்கும் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று யோகராணியிடம் பாய்ந்தேன். இது உங்களுக்குத் தெரியாதென்று எனக்கு எப்படித் தெரியும், சனம் எப்போதும் இப்படித்தானே நிற்கிறது என்றார் அவர்.

விஷயம் இப்போது வெட்டவெளிச்சம். கவுண்டர் பாகத்தைச் செய்த கம்பெனி, கட்டில் உள்ள அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்கிறது. இருபத்துமூன்று அட்டை என்றால் இருபத்துமூன்று தடவை. அதுகூடப் பரவாயில்லை. இருபதாவது அட்டைக்காரர் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டார், அல்லது அவர் பதிவில் ஏதோ குறை என்றால், கட்டு முழுவதையும் தள்ளிவிட்டு முதல் அட்டையிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கிறது. ஓர் ஆள் ஓர் அட்டை என்றால் அந்தத் தவறுக்குப் பதினொரு விநாடிதான் நட்டம். ஓர் ஆள் ஓர் ஊர் என்றால் அரை லோஞ்ச் கரையில் நிற்கும்.

மேலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் குஷியாகிவிட்டார். மாதிரி சரிதான், சனம்தான் தப்பு, 'ஒருவருக்கு ஓர் அட்டை மட்டும்' என்று கவுண்டரில் ஒரு பலகை மாட்டிவிட்டு வந்துவிடு என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அது இனித்தது. பலகை மாட்டினால் என் கணக்கு ஒரு புள்ளி மாறாமல் நிற்கும், என் பேரும் நிற்கும். வியாழக்கிழமை காலை ஒரு தடித்த காகிதமும் பேனாவும் வாங்கி, பலகையை எழுதி எடுத்துக்கொண்டுதான் ஜெட்டிக்குப் போனேன்.

யோகராணி பலகையைப் படித்தார். மரத்தடியைக் காட்டினார். கையில் கட்டுப்போட்டவரும் பிள்ளை பெற்று நான்கு நாளானவரும் அந்த வெயிலில் வரிசையில் நிற்க வேண்டுமா என்று கேட்டார். அது மட்டுமில்லை. லோஞ்சுக்குப் போகிற கேட்டில் நிற்கிற காவலர் ஏதாவது கேட்டால் சிங்களத்தில் பதில் சொல்லத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருவர்தான். தனியாகப் போய் நிற்கப் பயந்துதான் எல்லோரும் அட்டையை அவர் கையில் கொடுக்கிறார்கள், இத்தனை வருசமும் அப்படித்தான் போய்வந்தார்கள் என்றார். பிறகு பலகையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சனத்தை மாத்த ஏலாது அக்கா. உங்கட கணக்கை மாத்துங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகத் தவிக்கிறவள் நீ, வழி சொன்னால் நீயே மறிக்கிறாயே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பலகை மாட்டினால் முதலில் பயன்பெறப் போகிறவர் அவர்தான், அவரே வேண்டாம் என்கிறார் என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். பலகையைக் கிழித்துப் போட்டேன்.

கணக்கை மாற்றினேன். வருகிறவர் ஒருவர் என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு கட்டு என்று எழுதினேன், கட்டில் எத்தனை அட்டை என்பதையும் கணக்கில் சேர்த்தேன். கைக்கு மான் விட்டுவைத்த பக்கங்களும் ஒரு பழைய நோட்டும்தான். எழுதி முடித்துப் பார்த்தால், புதிய மாதிரி ஐம்பது பேர் கரையில் நிற்பார்கள் என்று சொல்லிற்று. திங்கட்கிழமை யோகராணி சொன்ன அதே ஐம்பது! அந்தப் பெண் காகிதம் இல்லாமலே சொல்லியிருந்தார்.

அந்தப் புதிய மாதிரியே வழியையும் காட்டியது. கட்டில் உள்ள அட்டைகளை ஒவ்வொன்றாகக் கேட்காமல் மொத்தமாக ஒரே தடவை கேட்டு, குறையுள்ள அட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்தால் மூன்றே முக்காலுக்குள் கவுண்டர் காலியாகிவிடும். ஒத்துப் பார்க்கிற பாகத்துக்கு மொத்தமாகக் கேட்டாலும் பதில் சொல்லத் தெரியும், அதன் கையேட்டில் ஒரு மூலையில் எழுதியிருந்தது. கவுண்டர் பாகத்துக்குத்தான் அப்படிக் கேட்கத் தெரியாது. இரண்டுமே மூடிய பெட்டிகள், உள்ளே கைவைக்க முடியாது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பாகத்தை நானே எழுதினேன். இந்தப் பக்கம் ஒவ்வொன்றாக வாங்கும், அந்தப் பக்கம் கட்டாகக் கொடுக்கும். நடராசா செய்கிற அதே வேலைதான். மத்தியானச் சோற்றை யோகராணி பார்சலாகக் கொண்டுவந்தார். அறக்குளா மீன் பொரியலை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் தட்டச்சு செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை எல்லா நாளையும்விடக் கூட்டம் அதிகம். வார முடிவுக்கு ஊர் திரும்புகிறவர்கள் வேறு சேர்ந்துகொண்டார்கள். ஒரு மணிக்கு முதல் கட்டு வந்தது, பதினாறு அட்டை. யோகராணி பதிந்தார். திரை ஒரு கணம் யோசித்தது. துண்டு வந்துவிட்டது. அவர் அடுத்த கட்டுக்குக் கையை நீட்டினார். நான் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டரை மணி லோஞ்ச் நிறைந்து போனது.

மூன்றே காலுக்கு நடராசா வந்தார். முப்பத்தொரு அட்டை. அதில் ஒருவரைக் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள், அவர் பதிவு மாறிவிட்டது, நடராசாவுக்கே அது தெரியாது. இரண்டு நாளுக்கு முன்னால் என்றால் அந்தக் கட்டு கால் மணி நேரம் அழுதிருக்கும். இப்போது அந்த ஓர் அட்டை மட்டும் திரும்பி வந்தது, முப்பது பேருக்கும் துண்டு வந்தது. "உது நல்லாயிருக்கு" என்றார் நடராசா, காய்கறி வாங்கிய மாதிரி. மூன்று நாற்பதுக்குக் கவுண்டருக்கு முன்னால் யாருமில்லை. மரத்தடியிலும் யாருமில்லை. தேநீர்க்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது, கொஞ்சம் குதிக்கவும் செய்தேன்.

யோகராணி அன்றைய பதிவுகளை எண்ணி எழுதி முடித்தபோது மணி மூன்று ஐம்பத்தைந்து; இயந்திரத்தை மூடவில்லை, பெட்டியைப் பூட்டவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டார். கேட்டில் நின்றவர் துண்டு கேட்டார்.

அவரிடம் துண்டு இல்லை. முன்பெல்லாம் முகம் பார்த்தே விட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து துண்டில்லாமல் ஒருவரையும் விடக் கூடாதென்று புது ஒழுங்கு, கேட்டில் நிற்பவரும் புது ஆள். அந்த நாளிலிருந்து யோகராணி ஒரு தடவைகூடத் திரும்பிப் போனதில்லையே, தனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர் அவர். மணி நாலு ஆக நான்கு நிமிடம். நான் பின்னாலேயே ஓடிப்போனேன்.

"அட்டையைக் குடுங்க" என்று அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மூன்று மாதம் அந்த மென்பொருளைக் கணக்குப் போட்டவள் நான், ஒரு நாளும் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு பெயர் பதிந்ததில்லை. எந்தக் கட்டத்தில் எதை அடிப்பதென்று தெரியாமல் கட்டம் கட்டமாகத் தேடினேன். பெயரை அடித்தேன். எண்ணைத் தப்பாக அடித்தேன், அழித்துத் திரும்ப அடித்தேன். எத்தனை அட்டை என்று திரை கேட்டது. ஒன்று என்று போட்டேன். துண்டு வெளியே வர வர அதைப் பிடித்து இழுத்துக் கிழித்துக்கொண்டு ஓடினேன்.

லோஞ்சின் இயந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது. கயிற்றை அவிழ்க்க விடாமல் நடராசா அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, லோஞ்ச்காரரோடு ஏதோ பெரிய நியாயம் கதைத்துக்கொண்டிருந்தார். யோகராணி என் கையிலிருந்து துண்டை வாங்கி, கேட்டில் நீட்டி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு லோஞ்சில் ஏறுகிற மரப்பலகையில் ஓடினார். நான்கைந்து கைகள் அவரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டன. லோஞ்ச் திரும்பியது.

எனக்கு ஒரு நன்றி இல்லை, ஒரு கையசைப்பு இல்லை. முன் பக்கம் போய் அக்கரையைப் பார்த்து நின்றவர், என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கரையில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன். திரும்பிப் பார்த்துவிடாதே அம்மா, நேராகப் போ என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது.